பின்வாசல் வழியே தெரிந்த படம்

தம்பானூர் பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த அந்த பாரின் பெயர்ப்பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தது என்று பலருக்கும் தெரியாது. ஊரில் எல்லாருக்கும் அது ‘படமுள்ள பார்’. ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் போதும். அரண்மனைக்கு வேண்டப்பட்ட ஒரு குடும்பத்தின் பழைய பங்களா அது. வீட்டை விற்றபோது முன்கூடத்துச் சுவரில் தொங்கிய பெரிய எண்ணெய்ச்சாயப் படமும் வீட்டோடு சேர்ந்து போய்விட்டது. வாங்கியவர் கூடத்தில் மேசை நாற்காலி போட்டு பார் நடத்தினார். படத்தை இறக்க அவருக்கு மனம் வரவில்லை. கோவளத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள்கூட வழி கேட்டு வந்து, ஒரு பீரை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

படத்தில் ஒரு பெண். சிவப்புச் சேலை. இடுப்பில் ஒரு குழந்தை. வாசற்படியில் நின்றபடி, கூப்பிட்ட யாரையோ திரும்பிப் பார்க்கிற முகம். கண்கள் பெரியவை, களைத்தவை. அந்தக் களைப்பைக் கோபம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

பாருக்கு இரண்டு வாசல்கள். முன்வாசல் வழியாக வக்கீல்களும் செக்ரட்டேரியட் ஆட்களும் பத்திரிகைக்காரர்களும் வருவார்கள். பின்வாசல் சந்துக்குள் இருந்தது. அங்கே நாற்காலி கிடையாது. நீளமான ஒரு கவுண்டர் மட்டும். சாலை என்கிற கடைத்தெருவில் மூட்டைச் சுமடு எடுப்பவர்களும், தெற்கேயிருந்து கட்டட வேலைக்கு வந்த நம் ஆட்களும் அங்கே நின்றபடியே குடித்துவிட்டுப் போவார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவே, குப்பியும் கிளாசும் கைமாறுவதற்காக, சுவரில் வளைவாக ஒரு திறப்பு. அதன் கீழ்ப்பாதியைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். பின்பக்கம் நிற்கிறவனுக்கு அந்த வளைவு வழியாக எதிர்ச்சுவரில் படத்தின் மேல்பாதி மட்டும் தெரியும். முகம், சிவப்புச் சேலை, இடுப்பில் குழந்தை. அவ்வளவுதான்.

என் அப்பா பின்வாசல்காரர்.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஆரியசாலையின் மொத்தக் கடைகளுக்கு வரும் லாரிகளிலிருந்து மிளகாய், மல்லி, பூஜைச் சாமான் என்று எல்லாவற்றையும் முதுகில் இறக்குவார். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது அம்மா கோட்டைக்குள் ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளப் போனாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.ஏ. முடித்துவிட்டு ஒரு பாரலல் காலேஜில், பெரிய காலேஜில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் மழைக்காலத்தில் அப்பா மூட்டை இறக்கும்போதே ரத்தமாக வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஈரல் கெட்டுவிட்டது, இனி ஒரு மடக்குக் குடித்தாலும் ஆள் நிலைக்க மாட்டார் என்றார். நான் அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா தலையை ஆட்டினார். உடம்பு தேறி வேலைக்குப் போகத் தொடங்கியதும் மறுபடி பின்வாசலுக்குப் போய் நின்றார்.

அன்றைக்கு நடந்ததை அப்பாவோடு சுமடு எடுக்கும் ஒரு கூட்டாளிதான் வீட்டுக்கு வந்து சொன்னார். மெலிந்த மனிதர், எதையும் சிரிப்பாகத்தான் சொல்வார். அன்று பார் முதலாளி, வெள்ளைக்காரர்கள் பார்ப்பதற்காகப் படத்தின் மேலே ஒரு சின்ன விளக்குப் போட்டிருந்தார். அதுவரை அரையிருட்டில் கிடந்த படம். அப்பா கிளாசை வாங்கி உதட்டுக்குக் கொண்டுபோகும்போது வளைவு வழியாக அந்த வெளிச்சம் கண்ணில் பட்டது.

“லே, அது யாருலே?”

“எது அண்ணே?”

“சேப்புச் சேலை. இடுப்புல புள்ள. இசக்கில்லா அது?”

கூட்டாளி எட்டிப் பார்த்தார். அவருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தோன்றாது. இசக்கியம்மன் அப்படித்தான் இருப்பாள், சிவப்புச் சேலையோடு, இடுப்பில் பிள்ளையோடு. அவள் முன்னால் பொய்ச்சத்தியம் செய்ய எங்கள் ஆட்களில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

“அவதான். கோவத்துல இருக்கா. உம்மத்தான் பாக்கா அண்ணே, என்னையில்ல” என்றாராம் கூட்டாளி.

அப்பா கிளாசைக் கீழே வைத்துவிட்டார். அன்று லாரியில் வந்திருந்தது கற்பூரப் பெட்டி. உடைந்து சிந்தியதில் கொஞ்சம் பொறுக்கிக் கூட்டாளி மடியில் முடிந்து வைத்திருந்தார். அதை வாங்கிக் கவுண்டரின் மேலேயே வைத்து அப்பா தீக்குச்சி கிழித்தார். குப்பி எடுத்துக் கொடுக்கும் மலையாளிக்கு உயிரே போய்விட்டது. இது கோயில் இல்லை, பார், இங்கே முழுக்க ஸ்பிரிட் என்று கத்தினார்.

“எடோ அண்ணாச்சி, தீயோ! இவிடெ முழுவன் ஸ்பிரிட்டாணு! இது அம்பலமல்ல, பாராணு!”

“பயப்படாதீரும் சேட்டா, இம்புட்டு நாளும் உம்ம கடைக்குக் காவல் நிக்கதே அவதான்” என்றார் கூட்டாளி.

அப்பா எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை ஓங்கி அடித்து அணைத்தார். “இனி தொட்டேன்னா என்னை எடுத்துக்கிடு” என்று வளைவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, குடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

உள்ளங்கையில் கொப்புளம். அம்மா அதற்கு எண்ணெய் தடவிக்கொண்டே அழுதாள், சிரிக்கவும் செய்தாள். “கோயிலுக்குக் கூப்பிட்டா வராத மனுசனுக்கு அவ பிராந்திக் கடைக்கே வந்து நின்னிருக்கா” என்றாள்.

அது படம்தானே, யாரோ வரைந்ததுதானே என்று நான் கேட்கவில்லை. டாக்டர் சொல்லி நடக்காதது நடந்திருந்தது.

அதன்பின் செவ்வாய்க்கிழமை தோறும் வேலை முடிந்ததும் அப்பா பின்வாசலுக்குப் போவார். செருப்பைச் சந்திலேயே விட்டுவிட்டு உள்ளே போய், குடிக்கிறவர்களுக்கு நடுவே கைகூப்பி நின்றுவிட்டு வருவார். நாளடைவில் மற்றவர்களும் செருப்பைக் கழற்றினார்கள். வளைவுக்கு நேர் எதிரே நின்று குடிக்க யாரும் துணியவில்லை. அந்த இடம் மட்டும் காலியாகவே கிடந்தது. பலகையின் மேல் யாராவது செவ்வரளி வைப்பார்கள். கவுண்டர்க்காரர் கிளாஸ் வைப்பதற்கு அதை ஓரமாக ஒதுக்குவார். தூக்கிப் போட மாட்டார். அவருக்கும் கொஞ்சம் பயம் வந்திருந்தது என்று கூட்டாளி சொல்வார்.

நான் அந்தப் படத்தை முன்வாசல் வழியாகத்தான் முதலில் பார்த்தேன். எங்கள் காலேஜில் ஆங்கிலம் எடுத்த மலையாளி நண்பர், ஊரில் இருந்துகொண்டு அந்தப் படத்தைப் பார்க்காமல் இருப்பது வெட்கம் என்று ஒரு மாலையில் இழுத்துக்கொண்டு போனார். அவர் பிராந்தி சொன்னார். நான் லைம் சோடா சொன்னேன். மேசைக்கு அடியில் செருப்பிலிருந்து காலை எடுத்து வெறுந்தரையில் வைத்துக்கொண்டுதான் நிமிர்ந்தேன்.

படம் நான் நினைத்ததைவிடப் பெரியது. அப்பா சொன்ன முகம் இருந்தது. சிவப்புச் சேலை இருந்தது. இடுப்பில் குழந்தையும் இருந்தது. ஆனால் படம் அங்கே முடியவில்லை. கீழே, அவள் காலடியில், படிக்கு வெளியே, இன்னொரு குழந்தை. இடுப்பில் ஒரு கறுப்புக் கயிறு தவிர உடம்பில் துணியில்லை. சேலை நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவள் முகத்தை அண்ணாந்து பார்க்கிறது. அவள் அதைப் பார்க்கவில்லை. கூப்பிட்ட யாரையோதான் பார்க்கிறாள். சட்டத்தின் அடியில் சின்னப் பித்தளைத் தகடு. அதில் ஆங்கிலத்தில், செவிலித்தாய் என்று பொருள்படும் ஒரு சொல்.

“கண்டோ? தாழத்தெ குட்டி இல்லெங்கில் ஈ படம் மறிஞ்ஞு போகும்” என்றார் நண்பர். கீழே அந்தக் குழந்தை இல்லாவிட்டால் படமே ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்கிறார். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, சிவப்பை எங்கே நிறுத்தியிருக்கிறார் வரைந்தவர் என்றெல்லாம் விளக்கினார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பரிமாறுகிறவர் வந்து சோடாவை வைத்துவிட்டு, “பின்னில் அண்ணாச்சிமாருடெ அம்பலமுண்டு, இன்னு சொவ்வாழ்ச்சயல்லே” என்று கண்ணால் காட்டிச் சிரித்தார். பின்னால் அண்ணாச்சிமார் கோயில் இருக்கிறது, இன்று செவ்வாய்க்கிழமை அல்லவா என்கிறார்.

திரும்பிப் பார்த்தேன். பலகையின் மேல் அரளிப் பூ. அதற்கு மேலே, வளைவுக்குள், என் அப்பாவின் முகம். தோளில் தோர்த்துத் துண்டு. கைகூப்பியிருந்தார். உதடு அசைந்தது. வீட்டில் நான் பார்த்தே இராத ஒரு முகம் அது. திட்டு வாங்கப்போகிற பையனுடைய முகம். அவர் பார்வை என் தலைக்கு மேலே போயிற்று. நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரியவில்லை.

அந்தச் சோடாவை நான் குடித்து முடிக்கவில்லை.

சொல்லிவிடலாமா என்று பல நாள் யோசித்தேன். எதையும் கேள்வி கேட்டுப் படியுங்கள் என்று வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். ஆனால் அப்பாவின் ஈரல் அந்த மேல்பாதிப் படத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழ்ப்பாதியை நான் எனக்குள் வைத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் படம் போய்விட்டது. சிகரெட் புகை படிந்து படம் கெடுகிறது என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். அரசாங்கம் வாங்கி, சுத்தம் செய்து, மியூசியம் பக்கத்து ஓவியக் கூடத்தில் வைப்பதாகச் செய்தி வந்தது. ஊரில் எல்லாரும் நல்லது என்றார்கள். நானும் நல்லது என்றுதான் நினைத்தேன், செவ்வாய்க்கிழமை வரும் வரை.

அன்று அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. “செவுரு மட்டும் கெடக்கு. அவ இருந்த எடம் வெளுத்துப் போயி கெடக்கு” என்றார். அடுத்த வாரமும் போனார். அதே வெளுத்த சுவர். அவர் கை சும்மா இருக்கவில்லை. பீடியைப் பற்றவைப்பார், அணைப்பார். “அவ போயிட்டாள்னா என்ன அர்த்தம்? நம்மள விட்டுட்டான்னுதான” என்று கூட்டாளியிடம் கேட்டாராம். கூட்டாளி இந்த முறை சிரிக்காமல் அம்மாவிடம் வந்து சொன்னார்.

அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். “அது எங்க இருக்குன்னு ஒனக்குத் தெரியும்லா? கூட்டிட்டுப் போ மக்கா. கண்ணால ஒரு வாட்டி பாத்துட்டார்னா அடங்கிருவார். நானும் வாறேன். அங்கன்னா பொம்பளைங்களும் போலாம்லா?”

போகலாம். அதுதான் என் பயம். அங்கே வளைவும் பலகையும் இல்லை. அம்மாவிடம் “கூட்டமா இருக்கும், அடுத்த மாசம் போவோம்” என்றேன். “அடுத்த மாசம் அந்த மனுசன் இருக்கணும்லா” என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். அப்பா துவைத்த சட்டை போட்டிருந்தார். அம்மா ஒரு கொத்துச் செவ்வரளியை முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்தாள். ஓவியக் கூடத்து வாசலில் அப்பா செருப்பைக் கழற்றினார். காவலர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

படத்தைத் தாழ்வாக மாட்டியிருந்தார்கள். புகை போன பிறகு சிவப்பு இன்னும் சிவப்பாக இருந்தது. அப்பா நுழையும்போதே கைகூப்பிவிட்டார். முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் கண் இறங்கியது. நான் அவர் பக்கத்தில் நின்றேன். கூப்பிய கை மெதுவாகப் பிரிந்தது.

முதலில் பேசியது அம்மா.

“இடுப்புல இருக்கது அவ பெத்த புள்ளயில்ல.”

“ஒனக்கு எப்பிடித் தெரியும்?” என்றார் அப்பா.

“பாருங்க, அதுக்கு இடுப்புல பொன் அரஞாணம். கீழ நிக்கதுக்குக் கறுப்புக் கயிறு.” பிறகு, “அந்தக் கோட்டை வீட்டுலயும் இப்பிடித்தான். நான் உள்ள நிப்பேன். இவன் படிக்கு வெளிய நிப்பான்” என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

எனக்கு அந்தப் படி நினைவில்லை. அதை அங்கேதான் முதன்முதலாகக் கேட்டேன்.

“மக்கா, அந்தத் தகட்டுல என்ன எழுதியிருக்கு?” என்றார் அப்பா.

“செவிலின்னு போட்டிருக்குப்பா. அடுத்த வீட்டுப் புள்ளைக்குப் பால் குடுத்துப் பாத்துக்கிடுத பொம்பள.”

“இசக்கின்னு இல்லியா?”

“இல்லப்பா.”

அம்மா அரளியை எடுக்கவே இல்லை. அப்பா வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டதும், “நீங்க ரெண்டுபேரும் வீட்டுக்குப் போங்க. எனக்கு ஒரு சோலி கெடக்கு” என்று சொல்லிவிட்டு நடந்தார். அம்மாவின் விரல்கள் என் கையில் பதிந்தன. “போலே. பின்னாலயே போ.”

பாளையம், ஸ்டாச்சு என்று அவர் இறங்கி நடந்துகொண்டே இருந்தார். நான் தள்ளி நடந்தேன். எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும். தடுக்கும் தைரியம் எனக்கு இல்லை. தடுக்க என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. அவர் பயந்த தெய்வம் பாவப்பட்ட ஒரு பெண்ணாகிவிட்ட பின், எதைக் காட்டி அவரை நிறுத்துவது? இந்த மாதிரி இடத்துக்குப் படித்தது எதுவும் உதவவில்லை.

பின்வாசல் வழியாக நான் உள்ளே போனது அன்று மட்டும்தான். வெயில் இன்னும் இறங்கவில்லை. கூட்டாளியும் இன்னும் சிலரும் நின்றிருந்தார்கள். வளைவு வழியாக வெளுத்த சுவர் தெரிந்தது. மேலே அந்தச் சின்ன விளக்கு மட்டும் வெறும் சுவருக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரும் நிற்காத அந்த இடத்தில் அப்பா போய் நின்றார்.

“பாத்துட்டு வாறேன்லே” என்றார்.

“எப்பிடி இருக்கா அண்ணே?”

“இசக்கி இல்லலே அவ. யாரோ வீட்டுல புள்ள பாக்க வந்தவ. கால்மாட்டுல அவ புள்ள நிக்கி. நமக்குத்தான் இங்கயிருந்து தெரியல, பலகை மறைச்சிட்டு.”

ஒருவன் கீழே குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டான். கூட்டாளிக்குத்தான் வாய் நிற்காது.

“அப்போ சத்தியம் செல்லாதுல்லா அண்ணே? ஆளு மாறிப்போச்சே. சேட்டா, அண்ணனுக்கு ஒண்ணு ஊத்தும். இத்தன நாளு பட்டினி.”

சிரித்தார்கள். கவுண்டர்க்காரர் அப்பாவைப் பார்த்தார். “வேணோ அண்ணாச்சி?” என்றார், சந்தேகமாக. அப்பா தலையாட்டினார். கிளாஸ் வந்தது. அதை எடுத்தார். உதடுவரை கொண்டுபோனார். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கிளாஸ் அங்கேயே நின்றது. பிறகு கீழே இறங்கியது.

“எறங்காதுலே” என்றார்.

“ஏன் அண்ணே? அதான் பயமில்லியே இனி.”

“பயமில்ல. அந்தப் புள்ள சேலையப் புடிச்சிக்கிட்டு அண்ணாந்து பாக்கி. அவ வேற எங்கியோ பாக்கா. அது தொண்டைலயே நிக்கி. நீ குடி.” கிளாசைக் கூட்டாளி பக்கம் தள்ளினார்.

திரும்பும்போது என்னைப் பார்த்துவிட்டார். கோபம் வந்தது. “நீ எதுக்குலே இங்க வந்த? இது நீ வாற எடமா? நட.” சந்தில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். சாலைக் கடைத்தெரு வழியாக வீட்டுக்கு நடந்தோம். கிள்ளிப்பாலம் வந்தபோது, நெரிசலில் ஒரு லாரி உரசிக்கொண்டு போக, என் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தார். லாரி போன பிறகும் விடவில்லை. மீசை வைத்த வாத்தியார் நான். எங்கள் தெருக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் கையை உருவிக்கொள்ளவில்லை.

அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஒரு கல்யாண வீட்டில் ஒரு வாய் எடுத்துத் துப்பிவிட்டார் என்று கேள்விப்பட்டோம். அம்மா இப்போதும் அவர் வரும் நேரத்தில் வாசலில் நின்று மூச்சை மோந்துதான் உள்ளே விடுகிறாள். டாக்டர் ஒவ்வொரு முறையும் ஆச்சரியப்படுகிறார். இதை எழுதுகிற இன்றும் அப்பா சாலைக் கடைத்தெருவில் சுமடு எடுக்கிறார், கனமானதை மட்டும் மற்றவர்கள் அவரை எடுக்க விடுவதில்லை.

லாரி வராத நாட்களில் அவராகவே ஓவியக் கூடத்துக்குப் போகிறார். ஒருமுறை நானும் உடன் போனேன். கைகூப்பவில்லை. படத்தின் முன்னால் கொஞ்சம் குனிந்து, கீழ்ப்பாதியையே பார்த்துக்கொண்டு நின்றார். செருப்பு வழக்கம்போல வாசலில் கிடந்தது. அதற்குள் காவலருக்கு அவர் பழக்கமாகியிருந்தார்.

“அண்ணாச்சி, இது அம்பலமல்லல்லோ. செருப்பு இட்டோளூ” என்றார் காவலர். போட்டுக்கொண்டே வரலாம் என்கிறார்.

“இருக்கட்டும் சாறே” என்றார் அப்பா. “அந்தப் புள்ளயும் வெறுங்கால்லதான நிக்கி.”